காறிப்போகும் கொழுப்பும் மூலிகைச் சாறும்

கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறார்: “அப்பாவுக்கு வயது 61. மஞ்சள் விவசாயம். ஐந்து மாதத்துக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் 40 சாப்பிடுகிறார். எல்.டி.எல். என்னும் கெட்ட கொழுப்பு அப்போது 148, இப்போது 76. சொந்தக்காரர் ஒருவர் ஒரு மூலிகைக் காப்ஸ்யூல் டப்பாவும், இஞ்சி, பூண்டு, எலுமிச்சை, ஆப்பிள் சிடர் வினிகர் சேர்த்துக் காய்ச்சித் தேன் கலந்த சாறும் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். ‘எல்லாமே ஆன்டிஆக்சிடன்ட், 90 நாளில் அடைப்பைக் கரைத்துவிடும், கொழுப்புதான் இறங்கிவிட்டதே, இங்கிலீஷ் மருந்தை நிறுத்திவிடலாம்’ என்கிறார். அப்பாவும் பாதி மனதாகத் தலையாட்டிவிட்டார். இதில் உண்மை இருக்கிறதா, ஐயா?”

அம்மணி, மீதியைப் படிப்பதற்கு முன்னால் எழுந்து போய், அப்பா இன்றைய மாத்திரையைப் போட்டுவிட்டாரா என்று பார்த்துவிட்டு வாருங்கள். போடவில்லை என்றால் போடச் சொல்லுங்கள். ஸ்டென்ட் என்பது உலோக வலைக்குழாய். அதன்மேல் இரத்தக் குழாயின் உட்தோல் படர்ந்து மூடும்வரை, இரத்தத்தை உறையவைக்கும் இரத்தத்தட்டுகளுக்கு அது ஒரு வேற்றுப் பொருள்தான். அங்கே போய் ஒட்டிக்கொள்ளத்தான் பார்க்கும். ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் அதைத் தடுத்துக் காவல் நிற்கின்றன. மாரடைப்புக்குப் பிறகு வைத்த ஸ்டென்டுக்குப் பொதுவாக ஓராண்டு வரை இரண்டையும் சேர்த்துக் கொடுப்பார்கள். ஐந்தாம் மாதத்தில் தானாக நிறுத்தினால், ஸ்டென்டுக்குள்ளேயே இரத்தம் உறைந்து மறுபடியும் மாரடைப்பு வரலாம். என் பெரியப்பா மகன் ஒருவர் இதே மாதிரி ஒரு சாற்றை நம்பி மாத்திரையை ஓரமாக வைத்தார். ஆறாவது வாரத்தில் அவரை நாங்கள் ஆம்புலன்ஸில் ஏற்றினோம், திரும்பி வரவில்லை. அதனால்தான் இந்தக் கேள்விக்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். சொந்தக்காரர் சொன்னது முழுப் பொய் இல்லை. அதில் ஒரு பாதி, நல்ல அறிவியல். மறுபாதி, நடக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்து, நடக்காமல் போனது. இரண்டையும் பிரித்துத் தெரிந்துகொண்டால்தான் அப்பாவிடம் பேச முடியும்.

எங்கள் வீட்டில் கடலை எண்ணெயை அப்பத்தா பீங்கான் ஜாடியில்தான் ஊற்றி வைப்பார். செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் ஊற்ற விடமாட்டார், “காறிப்போகும்” என்பார். வெயில் படுகிற இடத்திலும் வைக்கமாட்டார். பிற்காலத்தில் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் பாடம் நடத்தியபோது, அப்பத்தா சொன்னதற்குக் காரணத்தைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன். எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலங்களில் இரட்டைப் பிணைப்பு இருக்கும் இடத்தில் ஆக்சிஜன் வந்து பிடிக்கிறது. ஒரு மூலக்கூறு கெட்டால் அது பக்கத்து மூலக்கூறையும் கெடுக்கிறது, வரிசையாகப் பற்றிக்கொள்கிறது. செம்பு அயனி அந்தச் சங்கிலியை வேகப்படுத்துகிறது. அந்தக் காறல் வாடை, உடைந்த கொழுப்பின் வாடை. நல்லெண்ணெய் அவ்வளவு சீக்கிரம் காறாது. எள்ளில் இருந்து வரும் செசமோல் போன்ற பொருள்கள் சங்கிலியின் நடுவே புகுந்து அதை அறுத்துவிடுகின்றன. ஆன்டிஆக்சிடன்ட் என்று சொல்வதும் இதைத்தான்.

இதே காறல் நம் இரத்தக் குழாய்ச் சுவருக்குள்ளும் நடக்கிறது. எல்.டி.எல். என்பது கொழுப்பைச் சுமந்து செல்லும் நுண்ணிய உருண்டை. இரத்தத்தில் அது அளவுக்கு மேல் இருந்தால் தமனியின் உட்தோலைத் தாண்டி உள்ளே போய்த் தங்குகிறது. தங்கிய இடத்தில் ஆக்சிஜனேற்றம் அடைகிறது, அதாவது காறுகிறது. மேக்ரோபேஜ் என்னும் துப்புரவுச் செல்கள் நல்ல எல்.டி.எல்.லை அளவோடுதான் எடுக்கும், காறிய எல்.டி.எல்.லைக் கண்டால் அளவு பாராமல் விழுங்கும். விழுங்கி விழுங்கி நுரைபோல உப்பி, அங்கேயே செத்து விழும். அந்தக் குப்பைமேட்டின்மேல் நார்த்திசு மூடி வளர்கிறது. மூடி கிழியும் நாளில் உள்ளிருப்பது இரத்தத்தில் பட்டு, இரத்தம் உறைந்து குழாயை அடைக்கிறது. அதுதான் மாரடைப்பு. ஆதெரோஸ்கிளிரோசிஸ் என்ற பெயரில் உள்ள ‘ஆதெரே’ என்ற கிரேக்கச் சொல்லுக்குக் கூழ் என்று பொருள். வெட்டிய தமனியை ஒருமுறை கண்ணாடிக் குடுவையில் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் மறக்காது. உள்ளே மஞ்சள் நிறத்தில், ஆறிப்போன கூழ்போலக் குழைவாக இருக்கும். அது ஒரே நாளில் வருவதும் இல்லை. கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்க வீரர்களின் இதயத்தை அறுத்துப் பார்த்து 1953இல் எழுதினார்கள். சராசரி வயது 22. நான்கில் மூன்று பேருக்கு, இதயத்துக்கு இரத்தம் தரும் கொரோனரித் தமனியில் இந்த நோயின் தடயம் இருந்தது.

எல்.டி.எல். செல்லுக்குள் போகும் வாசலைக் கண்டுபிடித்ததற்காக பிரவுனுக்கும் கோல்ட்ஸ்டீனுக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. காறிய எல்.டி.எல். வேறு வாசல் வழியாகப் போகிறது என்ற கருத்தை டேனியல் ஸ்டைன்பெர்க்கும் அவருடைய சகாக்களும் 1980களில் வளர்த்தெடுத்தார்கள். அதுவரை எல்லாம் சரி. உங்கள் சொந்தக்காரர் சொல்வதில் உண்மையான பாதி இதுதான்.

அங்கிருந்து அடுத்த அடி எடுத்து வைப்பது எளிதாகத் தோன்றியது. காறல்தான் காரணம் என்றால் காறலைத் தடுக்கும் பொருளைக் கொடுத்தால் போதாதா? நானும் அப்படித்தான் நினைத்தேன். என் மாணவர்கள் இதில் எத்தனையோ புராஜெக்ட் செய்திருக்கிறார்கள். டி.பி.பி.எச். என்று ஒரு வேதிப்பொருள் உண்டு. ஆல்கஹாலில் கரைத்தால் கத்தரிப்பூ நிறத்தில் ஆழமாக இருக்கும். அதில் மூலனூர்ப் பக்கத்து முருங்கையிலைச் சாற்றில் சில துளி விட்டு இருட்டில் அரைமணி நேரம் வைத்தால் ஊதா வெளுத்து மஞ்சளாகிவிடும். எவ்வளவு வெளுத்தது என்று கருவியில் அளந்தால் ஆன்டிஆக்சிடன்ட் ஆற்றல் இத்தனை சதவீதம் என்று எழுதிவிடலாம். பார்க்க அழகான சோதனை. சிக்கல் என்னவென்றால், கறிவேப்பிலை, நெல்லிக்காய், சின்ன வெங்காயத்தோல், டீத்தூள், எதைப் போட்டாலும் மஞ்சளாகும். இன்னொரு சோதனையில் மனித எல்.டி.எல்.லைப் பிரித்தெடுத்து அதில் செம்பு அயனியைப் போட்டுக் காற விடுவார்கள். அப்பத்தாவின் செம்புப் பாத்திரமேதான். தாவரச் சாறு சேர்த்தால் காறுவது தாமதமாகும். இப்படித் தாமதப்படுத்தும் தாவரங்களின் பட்டியல் மிக நீளம். காப்ஸ்யூல் டப்பாவில் ‘ஆய்வில் நிரூபிக்கப்பட்டது’ என்று அச்சடிக்கிறார்களே, பெரும்பாலும் இந்த இரண்டு சோதனைகளைத்தான் சொல்கிறார்கள். இரண்டிலும் தமனி கிடையாது, குடல் கிடையாது, கல்லீரல் கிடையாது.

குடலும் கல்லீரலும் உள்ள மனிதர்களிடம் கொடுத்துப் பார்த்தபோது என்ன நடந்தது என்பதுதான் இந்தக் கதையின் நடுப்பகுதி. இதைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும்.

முதலில் வைட்டமின் ஈ. இது தாவர எண்ணெய்களிலிருந்து கிடைப்பது, எல்.டி.எல். உருண்டைக்குள்ளேயே போய் உட்காரக்கூடியது. இதைவிடப் பொருத்தமான ஆன்டிஆக்சிடன்ட் இருக்க முடியாது என்று தோன்றும். 1996இல் கேம்பிரிட்ஜில் இதய நோயாளிகள் 2,002 பேரிடம் நடந்த ஆய்வில், உயிர் போகாத மாரடைப்பு 77 சதவீதம் குறைந்தது என்று வந்தது. எங்கள் துறையில் அன்று அதைப் பற்றித்தான் பேச்சு. உலகமெங்கும் வைட்டமின் ஈ மாத்திரை விற்றுத் தீர்ந்தது. பிறகு பெரிய ஆய்வுகள் வந்தன. இத்தாலியில் மாரடைப்பு வந்து பிழைத்த 11,324 பேர், 1999: பலன் இல்லை. 2000இல் ஹோப் என்ற ஆய்வு, 9,541 பேர், நாலரை ஆண்டு: பலன் இல்லை. கடைசியாக 2002இல் பிரிட்டனில் ஹார்ட் புரொடெக்‌ஷன் ஸ்டடி. 20,536 பேர், ஐந்து ஆண்டு, வைட்டமின் ஈ, சி, பீட்டா கரோட்டின் மூன்றையும் சேர்த்துக் கொடுத்தார்கள். இரத்தத்தில் அந்த வைட்டமின்களின் அளவு நன்றாகவே ஏறியது. மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை.

இந்தக் கடைசி ஆய்வை அப்பாவிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஏனென்றால் அதே மனிதர்களிடம், அதே ஐந்து ஆண்டில், சிம்வாஸ்டாட்டின் மாத்திரையையும் சோதித்தார்கள். அப்பா எடுக்கும் அட்டோர்வாஸ்டாட்டினைப் போல அதுவும் ஸ்டாட்டின் வகை மருந்து. பாதிப் பேருக்கு அது, பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை. சிம்வாஸ்டாட்டின் எடுத்தவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தன. ஒரே வயலில் இரண்டு உரத்தைப் பாத்தி பிரித்துப் போட்டு மகசூல் பார்த்த மாதிரி. ஒரு விவசாயிக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

பலன் இல்லை என்பதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேருக்கு நடந்த ஆய்வில், காரட்டின் நிறமியான பீட்டா கரோட்டினை மாத்திரையாக எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்தது. 1994இல் அது வெளியானது. அமெரிக்காவில் நடந்த இதேபோன்ற ஆய்வில் 28 சதவீதம் அதிகமாகி, 1996இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். காரட் சாப்பிடுகிறவர்களுக்கு நோய் குறைவு என்பது உண்மை. அதிலிருந்து ஒரே ஒரு பொருளைப் பிழிந்தெடுத்து அளவை ஏற்றிக் கொடுத்தால் நடப்பது வேறு என்பதும் உண்மை.

ஏன் இப்படி? ஒரே காரணம் இல்லை. தமனிச் சுவருக்குள் எல்.டி.எல்.லைக் காறவைப்பவை பல. வெள்ளணுக்களின் மைலோபெராக்சிடேஸ் என்ற நொதி, நாம் தரை துடைக்கப் பயன்படுத்தும் பிளீச்சில் உள்ளதைப் போன்ற ஹைப்போகுளோரஸ் அமிலத்தையே உண்டாக்குகிறது. வைட்டமின் ஈ அதைத் தடுக்காது. இன்னொன்று, ரேடிக்கல் என்னும், காறலைப் பற்றவைக்கும் நிலையற்ற மூலக்கூறைப் பிடித்த ஆன்டிஆக்சிடன்ட் தானே ஒரு ரேடிக்கலாகி நிற்கும். அதை மீட்டெடுக்கப் பக்கத்தில் துணை இல்லாவிட்டால் அதுவே காறலைத் தொடர்ந்து நடத்தும். மேலும், உடல் இந்த ரேடிக்கல்களைக் கிருமியைக் கொல்லவும் செல்லுக்குச் செல் செய்தி சொல்லவும் பயன்படுத்துகிறது. எல்லாவற்றையும் அணைத்துவிடுவது நல்லது என்று உடல் நினைக்கவில்லை. இதையெல்லாம்விட அடிப்படையான காரணம் ஒன்று உண்டு என்பது என் முடிவு: காறுவது இரண்டாம் கட்டம். சுவருக்குள் எல்.டி.எல். நுழைந்து தங்குவதுதான் முதல் கட்டம். எண்ணெயே வராவிட்டால் காறுவதற்கு என்ன இருக்கிறது? ஸ்டாட்டின் முதல் கட்டத்தைக் குறைக்கிறது. அதனால்தான் ஜெயித்தது.

இனி நம் ஊர்ச் சரக்குக்கு வருகிறேன். ஈரோட்டு மஞ்சளைத்தான் முதலில் எடுக்க வேண்டும். 2019இல் புவிசார் குறியீடு பெற்றது, உங்கள் வீட்டுக் களத்திலும் காய்வது. விரலியோ கிழங்கோ, அதில் மஞ்சளின் நிறப்பொருளான கர்க்குமின் நூற்றுக்குச் சுமார் மூன்று பங்கு. குழம்பில் ஒருவர் பங்குக்கு அரை ஸ்பூன், அதாவது ஒன்றரை கிராம் மஞ்சள்தூள் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் 45 மில்லிகிராம் கர்க்குமின் உள்ளே போகிறது. போவதில் மிகச் சிறு பகுதிதான் இரத்தத்தை எட்டுகிறது. குடற்சுவரும் கல்லீரலும் அதைப் பிடித்து, வேறு ஒன்றாக மாற்றி வெளியே அனுப்பிவிடுகின்றன. பெங்களூரில் 1998இல் ஒரு குழுவினர் ஆரோக்கியமானவர்களுக்கு 2 கிராம் கர்க்குமினைத் தனியாகக் கொடுத்து அளந்தபோது, இரத்தத்தில் அது தென்படவே இல்லை, அல்லது மிக மிகக் குறைவாகத் தென்பட்டது. அதோடு மிளகின் காரப்பொருளான பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்ததும் இருபது மடங்கு ஏறியது. மஞ்சள் பாலில் மிளகு தட்டிப் போடும் நம் வழக்கத்தை நினைத்து நான் அன்று மிகவும் மகிழ்ந்தேன்.

ஆனால் பைப்பரின் அதைச் செய்வது எப்படி என்று பாருங்கள். வேண்டாத பொருள்களை மாற்றி வெளியேற்றும் கல்லீரல், குடல் நொதிகளின் கையைக் கட்டிவிடுகிறது. கர்க்குமினுக்கு மட்டும் பார்த்துக் கட்டுவதில்லை. மாத்திரைகளையும் அதே நொதிகள்தான் கையாளுகின்றன. அப்பா எடுக்கும் அட்டோர்வாஸ்டாட்டினும் அந்த வழியில் போவதுதான். ரசத்தில் போடும் மிளகால் ஒன்றும் ஆகாது. பிழிந்தெடுத்த மிளகுச் சத்தோடு 95 சதவீதக் கர்க்குமின் என்று விற்கும் காப்ஸ்யூல் வேறு விஷயம். அமெரிக்காவில் மஞ்சள் காப்ஸ்யூலால் கல்லீரல் பாதித்த 10 பேரின் விவரங்களை 2022இல் மருத்துவர்கள் வெளியிட்டார்கள். அவர்களில் ஒருவர் இறந்தார். மஞ்சளைத் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டிருக்கிறோம் என்பது குழம்புக்குப் பொருந்தும் வாதம். காப்ஸ்யூலுக்கு அந்த வரலாறு கிடையாது.

அடுத்து அந்தச் சாறு. பூண்டை நசுக்கினால் மூக்கில் ஏறுகிறதே, அந்தக் காரம் அல்லிசின். முழுப் பூண்டில் அது இல்லை. நசுக்கும்போது ஒரு நொதி வேலை செய்து அந்த நேரத்தில்தான் உண்டாக்குகிறது. கொதிக்கவைத்தால் நொதி சாகும், உண்டான அல்லிசினும் சிதையும். நான்கு டம்ளரை மூன்று டம்ளராகச் சுண்டக் காய்ச்சு என்கிறார்கள். எதற்காகப் பூண்டைப் போட்டார்களோ அதை அடுப்பிலேயே தொலைத்துவிடுகிறார்கள். எலுமிச்சையின் வைட்டமின் சியிலும் ஒரு பங்கு போய்விடும். மிஞ்சுவது புளிப்பும் தேனும். அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தால் தேனையும் கணக்கில் எடுக்க வேண்டும். சரி, பச்சைப் பூண்டாகவே தின்றால்? அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 192 பேருக்குப் பச்சைப் பூண்டு, பூண்டுப் பொடி, பதப்படுத்திய பூண்டுச் சத்து என்று தனித்தனியாக ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். 2007இல் முடிவு வந்தது. மூன்றில் எதுவும் எல்.டி.எல்.லைக் குறைக்கவில்லை. பூண்டுச் சத்து இரத்தத்தட்டுகள் ஒட்டுவதை ஓரளவு குறைக்கும் என்பது உண்மை. ஏற்கெனவே ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் எடுப்பவருக்கு அது நன்மையாகாது, இரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டும். ரசத்தில் நான்கு பல் பூண்டு தட்டிப் போடுவதைப் பற்றி நான் சொல்லவில்லை. அதைத் தாராளமாகப் போடுங்கள்.

காப்ஸ்யூல் டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று நீங்கள் சொல்லவில்லை. இதய மருந்து என்று விற்பவற்றில் குக்குலு என்னும் மரப்பிசினும் மருதம்பட்டையும் இருப்பது வழக்கம். குக்குலுவுக்கு நம் நாட்டில் நல்ல பெயர் இருந்தது. 2003இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 103 பேருக்கு எட்டு வாரம் கொடுத்துப் பார்த்தபோது, எல்.டி.எல். குறைவதற்குப் பதிலாக 4 முதல் 5 சதவீதம் ஏறியது, சிலருக்கு உடம்பில் தடிப்பும் வந்தது. மருதத்தின் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. பவானி ஆற்றங்கரையில் வெளுத்த பட்டையோடு நிற்கும் மருதமரங்களைப் பார்த்து வளர்ந்தவன் நான், மருதமலைக்கே அந்த மரம்தான் பெயர் கொடுத்தது. 2001இல் வட இந்தியாவில் 105 இதய நோயாளிகளிடம் 30 நாள் நடந்த ஆய்வில், மருதம்பட்டைப் பொடி கொழுப்பைக் குறைத்தது. நல்ல தொடக்கம். ஆனால் முப்பது நாளில் கொழுப்பு எண் இறங்குவதும், ஐந்து ஆண்டில் மாரடைப்பு குறைவதும் ஒன்றல்ல. வைட்டமின் ஈயிடம் நாம் கற்ற பாடம் அதுதானே. ஆயிரக்கணக்கானவர்களிடம் பல ஆண்டுகள் நடத்திப் பார்க்கும்வரை, மாத்திரைக்குப் பதிலாக மருதம்பட்டை என்று நான் சொல்லமாட்டேன்.

‘90 நாளில் கரையும்’ என்பதற்கும் ஓர் அளவுகோல் தருகிறேன். ரோசுவாஸ்டாட்டின் என்பதும் ஒரு ஸ்டாட்டின், 40 மில்லிகிராம் அதன் உச்ச அளவு. அதை இரண்டு ஆண்டு கொடுத்து, தமனிக்குள் அல்ட்ராசவுண்ட் குழாயை விட்டு அளந்த ஆய்வு 2006இல் வந்தது. எல்.டி.எல். 60 அளவுக்கு இறங்கியது. தமனிச் சுவரில் படிவு பிடித்திருந்த இடம் குறைந்தது சுமார் ஒரு சதவீதம். அதையே உலகம் பெரிய வெற்றியாகக் கொண்டாடியது. உண்மையில் நடப்பது கரைவது அல்ல. உள்ளே உள்ள கூழ் வற்றுகிறது, மேலே உள்ள மூடி தடிக்கிறது, கிழியும் வாய்ப்பு குறைகிறது. உயிரைக் காப்பாற்ற அது போதும்.

இவ்வளவு சொன்னதால் தாவரத்தால் பயனில்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘இங்கிலீஷ் மருந்து’ என்று சொந்தக்காரர் ஒதுக்குகிற ஸ்டாட்டினே அரிசியில் இருந்த பூஞ்சையிலிருந்து வந்ததுதான். ஜப்பானில் அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான நுண்ணுயிர்களைச் சலித்துப் பார்த்து, கியோட்டோவில் ஒரு தானியக் கடையின் அரிசியில் வளர்ந்த பெனிசிலியம் பூஞ்சையிலிருந்து 1973இல் முதல் ஸ்டாட்டினைக் கண்டெடுத்தார். அதுவும் ஒரு சாறுதான். வேறுபாடு, அதை நூறு முறை சோதித்து அளவு குறித்தார்கள்.

தாவர உணவு தமனிக்கு நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அது செல்லும் வழி வேறு என்பதுதான் என் வாதம். பருப்பு, பயறு, தானியங்களில் உள்ள கரையும் நார், குடலில் பித்த அமிலத்தைப் பிடித்து வெளியே தள்ளுகிறது. ஈடுசெய்யக் கல்லீரல் இரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லை இழுத்துக்கொள்கிறது. 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், தினம் 130 கிராம் அளவில் பயறு வகை சாப்பிட்டவர்களுக்கு எல்.டி.எல். சுமார் 5 சதவீதம் குறைந்தது. எள்ளிலும் கடலையிலும் உள்ள ஸ்டெரால்கள் உருவத்தில் கொலஸ்டிராலைப் போலவே இருப்பதால், குடலில் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே விடுவதில்லை. ஸ்பெயினில் 7,447 பேரிடம் நடந்த பிரெடிமெட் ஆய்வில், காய்கறி, பயறு, மீன் என்று உண்டு கூடவே ஆலிவ் எண்ணெயோ கொட்டைப் பருப்புகளோ சேர்த்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தன. சாறு பிழிந்த ஒரு பொருளை வைத்து நடந்த பெரிய ஆய்வுகளில் நம்பிக்கை தருவதில் ஒன்று கோகோ. 2022இல் வந்தது, 21,442 பேர். இதய நோய் இறப்பு குறைந்தது, ஆனால் முதன்மையாகப் பார்த்த மொத்த இதய நிகழ்வுகள் குறைந்தது உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. அதுவும் இரத்தக் குழாயின் உட்தோலை இளகவைக்கும் நைட்ரிக் ஆக்சைடு வழியாக வேலை செய்வதாகவே கருதுகிறார்கள், காறலைத் துடைப்பதால் அல்ல.

அதனால் அப்பாவின் தட்டைப் பாருங்கள். ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்று சொன்ன ஊர் நம்முடையது. வாரத்தில் மூன்று நாள் கொள்ளுப்பருப்பு கடைந்து, வடித்த தண்ணீரில் ரசம் வையுங்கள். அரிசிம்பருப்பு செய்யும்போது அரிசியைக் குறைத்துப் பருப்பைக் கூட்டுங்கள், தட்டைப்பயறும் பச்சைப்பயறும் மாறி மாறி வரட்டும். கம்பு, சோளம் கிடைக்கும் நாளில் வெள்ளைச் சோறு வேண்டாம். தினம் ஒரு கைப்பிடி வேர்க்கடலை, உப்பில்லாமல் வறுத்தது. கீரையும் முருங்கையிலையும் பொரியலாகவே வரட்டும், பொடியாகவோ காப்ஸ்யூலாகவோ வேண்டாம். நெல்லிக்காய் ஒன்று தினம் தின்றால் நல்லதுதான். அதியமான் ஔவைக்குக் கொடுத்த கனி, நமக்கும் கொடுத்துவைத்ததாக இருக்கட்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நம் சமையலோடு எனக்குச் சண்டை உண்டு. எல்லாவற்றிலும் தேங்காய். காங்கேயம் பக்கத்துக் கொப்பரைக் களங்களால் பிழைக்கும் குடும்பங்கள் என் சொந்தத்திலேயே உண்டு. இருந்தாலும் சொல்கிறேன்: தேங்காயெண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு. 16 ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளியிட்டதில், மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் எல்.டி.எல். சுமார் 10 புள்ளி ஏறுகிறது. செக்கில் ஆட்டியது என்பதால் அந்தக் கணக்கு மாறாது. அப்பாவுக்கு நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ அளவாகப் போதும். துவையலுக்குக் கொஞ்சம் தேங்காய் இருக்கட்டும், அரைத்துவிட்ட குழம்பு தினமும் வேண்டாம். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கமோ பீடியோ இருந்தால், வேறு எதையும்விட முதலில் அதை நிறுத்த வைக்க வேண்டும். தமனிச் சுவரில் ரேடிக்கல்களைக் கொட்டுவதில் பீடிப் புகைக்கு ஈடு எதுவும் இல்லை. ஆன்டிஆக்சிடன்ட் பேசுகிற சொந்தக்காரர் அதை ஏன் முதலில் சொல்லவில்லை என்று கேட்கத் தோன்றுகிறது.

‘கொழுப்புதான் இறங்கிவிட்டதே’ என்ற வாதத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 148 என்பது 76 ஆனது மாத்திரையால். நிறுத்தினால் சில வாரத்தில் பழைய இடத்துக்கே ஏறும். மோட்டாரை நிறுத்திவிட்டு வாய்க்காலில் தண்ணீர் ஓடும் என்று அப்பா எதிர்பார்ப்பாரா? உண்மையில் 76 போதாது. ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு 70க்குக் கீழே, முடிந்தால் 55க்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பதே இன்றைய மருத்துவ முறை. மருந்தைக் கூட்டலாமா, வேறு ஒன்றைச் சேர்க்கலாமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டிய நேரத்தில், நிறுத்துவதைப் பற்றி வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மாத்திரையால் உடல்வலி, அசதி என்று அப்பா சொன்னால் அதை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். அளவை மாற்றவும் வேறு மருந்து தரவும் வழி இருக்கிறது.

இரத்தக் குழாய்த் தடிப்பையோ இதய நோயையோ குணமாக்குவதாக எந்த மருந்தையும் விளம்பரப்படுத்துவது நம் நாட்டில் 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்தின் பட்டியலில் இரண்டு நோய்களின் பெயரும் இருக்கின்றன. டப்பாவின்மேல் அப்படி அச்சடித்திருந்தால், உள்ளே இருப்பதைப் பற்றி அந்த ஆட்கள் சொல்லும் மற்றவற்றையும் நம்ப வேண்டியதில்லை. இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளை வாங்கிச் சோதித்து 2008இல் வெளியிட்டார்கள், ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. சித்த மருத்துவம் பார்க்க வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை இருந்தால், பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம் இந்த மாத்திரைச் சீட்டோடு போகட்டும். மாத்திரையை நிறுத்தச் சொல்லாதவராகப் பார்த்துப் போங்கள்.

சொந்தக்காரரோடு சண்டை போட வேண்டாம். அன்பினால் கொண்டுவந்தவர்தான். அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது டப்பாவையும் சாற்றுப் பாட்டிலையும் ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கையோடு எடுத்துச் செல்லுங்கள், எத்தனை நாள் எவ்வளவு எடுத்தார் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். இதுவரை ஒரு வேளையாவது குடித்திருந்தால் அதையும் மருத்துவரிடம் மறைக்க வேண்டாம், கல்லீரல் பரிசோதனை ஒன்று சேர்த்து எழுதித் தருவார். அதற்குள் அப்பாவுக்கு நெஞ்சில் அழுத்தம், இடது கையிலோ தாடையிலோ வலி, வியர்வை என்று எது வந்தாலும், வாயு என்று சொல்லி வெந்நீர் கொடுத்துக் காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.